பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் டைல்ஸ் போடுகிறவன். பதினாலு வருஷமாக அடுத்தவர் வீட்டுத் தரையில் முட்டி போட்டுப் பிழைக்கிறேன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. அளக்கத் தெரியும், மட்டம் பார்க்கத் தெரியும். இதில் வருகிற அளவும் நேரமும் சரியானவை. மற்றதற்கு நான் பொறுப்பில்லை.

பாதி வீடு வாங்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். "தனி வீடு மாதிரிதான் சார்" என்பான் புரோக்கர். அந்த 'மாதிரி'யில்தான் எல்லா வில்லங்கமும் இருக்கிறது. உங்கள் பாதிக்கு வெள்ளையடித்தால் அடுத்த பாதி அழுக்காகத் தெரியும், அவர்கள் முகம் சுண்டிப்போகும். கூரையில் அவர்கள் பக்கம் விரிசல் விட்டால் உங்கள் பக்கம் ஒழுகும். சாக்கடை ஒன்று. அடைத்துக்கொண்டால் யாருடைய குப்பை என்று ஒரு பஞ்சாயத்து. விற்கப் போனால் வருகிறவன் உங்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பான்.

இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். காரணம் என் மனைவி.

எட்டாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் "ம்". கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தட்டில் வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் பசி என்று சொல்லமாட்டாள். அழவில்லை. நானும் அழவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போய் ஒரு குளியலறைக்கு நீல டைல்ஸ் ஒட்டினேன். பல் பிடுங்கப் போடும் ஊசி உடம்பு முழுக்க ஏறின மாதிரி இருந்தது. காலையில் போனால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருவேன். பகலெல்லாம் தனியாகக் கிடந்தால் இவளும் எனக்கு இல்லாமல் போய்விடுவாள் என்று பயந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷச் சத்தமாவது கேட்கட்டும். அதற்குத்தான் பாதி வீடு. ஐந்து மாதம் கழித்துக் குடிபோனோம்.

எங்கள் கதவு எண் பதினாறு. பக்கத்துப் பாதி பதினெட்டு. எங்களுக்கு முந்தின வீடு பதினைந்து, அவர்களுக்கு அடுத்தது பத்தொன்பது.

"நம்பர் போட்டவன் நடுவுல தூங்கிட்டான் போல" என்றேன் மனைவியிடம். அவள் சிரிக்கவில்லை.

பதினெட்டில் ஒரு பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும். இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். மகன் வெளிநாட்டில். அந்த அம்மாள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைத்தார். நாங்கள் அண்ணன், அக்கா என்று கூப்பிட்டோம். கேட்டருகே பார்த்தால் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் பழக்கம்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணி. அலமாரி மாட்டுவதற்காகப் பொதுச்சுவரில் டிரில்லிங் மெஷினை வைத்தேன். முதலில் சாம்பல் நிறத் தூள் கொட்டியது, எங்கள் பக்கத்துப் பூச்சு. அப்புறம் சிவப்புத் தூள், செங்கல். அப்புறம் மறுபடியும் சாம்பல்... சட்டென்று மெஷின் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

போச்சுடா, அவர்கள் சுவரையும் சேர்த்து ஓட்டை போட்டுவிட்டோம் என்று வேர்த்துவிட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன். கண்டக்டர் அண்ணன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எங்க பக்கம் ஒரு கீறல் கூட இல்லையே தம்பி."

"நல்லா பாத்தீங்களாண்ணே?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. சில்லறை எண்ணுற கண்ணு."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கே டேப்பை எடுத்து அளந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஊரார் வீட்டையெல்லாம் அங்குலம் அங்குலமாக அளந்தவன், சொந்த வீட்டை அளக்கவில்லை. பாதி என்றால் பாதிதானே என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரமே தட்டல் ஆரம்பித்தது.

வேலை முடிந்து வந்தேன். சோற்றைப் போட்டுவிட்டு, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவளாகவே வாயைத் திறந்தாள்.

"பக்கத்து அக்கா சுவத்துல தட்டினாங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். ரெண்டு தடவை தட்டி, கொஞ்சம் விட்டு ஒரு தடவை. நானும் தட்டினேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மறுநாளும் தட்டல் வந்ததாம். அதற்கு மறுநாளும். தினமும் மதியம் இரண்டு பத்துக்கு. அவள் இரண்டு மணிக்குள் சாப்பிட்டு, தலை வாரி, சுவரோரம் போய் உட்கார ஆரம்பித்தாள். ராத்திரி எனக்குச் செய்தி சொல்வாள். இன்றைக்கு அக்கா ரொம்ப நேரம் தட்டினாங்க, இன்றைக்கு மெதுவாகத் தட்டினாங்க, உடம்பு சரியில்லையோ என்னவோ. நேரில் போய்ப் பேசேன் என்றால் வெட்கப்பட்டாள். பேசினால் இது கெட்டுவிடும் என்றாள். எனக்கு அது போதும். அந்தச் சுவருக்குக் கோயில் கட்டவும் தயாராக இருந்தேன்.

ஒரு நாள் காலையில் கேட்டருகே அக்காவைப் பார்த்தேன்.

"உன் வீட்டுக்காரி நல்ல பொண்ணு தம்பி. மதியத்துல எனக்குப் பொழுதே போகாது. இப்போ அவதான் துணை."

"அவளுக்கும் நீங்கதாங்கக்கா" என்றேன். இருவரும் சிரித்துக்கொண்டோம்.

மூன்றாம் மாதம், வேலை இல்லாத ஒரு நாள், நானே கேட்டேன்.

டொக் டொக்... டொக்.

மணி சரியாக இரண்டு பத்து. மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். தட்டல் அவள் காதுக்கு நேரே வந்தது. பதில் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "இங்க பாருங்க" என்று எழுந்து நின்றாள். அடுத்த தட்டல் அவள் காதுக்கு நேரே, மேலே கேட்டது. ஜன்னல் பக்கம் ஐந்து அடி நகர்ந்தாள். தட்டலும் நகர்ந்தது.

"நான் எங்க இருக்கேன்னு அக்காவுக்குத் தெரியுது" என்றாள், பெருமையாக.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவள் முகத்தில் ரத்தம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

நாலாம் மாதம் அக்கா தன் கூடத்துக்கு டைல்ஸ் போடச் சொன்னார். போய் அளந்தேன். அகலம் பதினாறரை அடி. எங்கள் கூடமும் அதே. வியாழக்கிழமை காலையில் ஆரம்பித்து ஒன்றரைக்குள் முழுத் தரையும் ஒட்டிவிட்டேன். புதிதாக ஒட்டின தரையை ஒரு நாள் யாரும் மிதிக்கக் கூடாது. மிதித்தால் டைல்ஸ் இறங்கிவிடும். எங்கே போவதானாலும் அந்தக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் வீட்டையே பூட்டினேன். பின்கதவு உள்பக்கம் தாழ். சாவி என் பையில். கண்டக்டர் அண்ணன் டியூட்டியில் இருந்தார்.

"இன்னிக்கு எங்க வீட்லயே இருங்கக்கா" என்று அழைத்துக்கொண்டு வந்தேன்.

மனைவி டீ போட்டாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவள் டீ போட்டது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அடுக்களை வாசலில் டம்ளரோடு நின்றேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஒன்பது.

மனைவியும் பார்த்தாள். அக்காவிடம் திரும்பிச் சிரித்தாள்.

"நீங்க இங்க இருக்கீங்க. இன்னிக்கு யாரு தட்டுவா?"

"நீதான் தட்டணும். தினமும் நீதானே ஆரம்பிப்ப?"

"நானா? நீங்கதானேக்கா?"

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"விளையாடாதே பொண்ணு. நான் பதில்தான் தட்டுவேன். ஒரு நாளும் நானா..."

டொக் டொக்...

மூவரும் சுவரைப் பார்த்தோம்.

டொக்.

அக்காவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. மனைவியின் கையில் டம்ளர். என் பையில் சாவி.

"உங்க வீட்டுக்காரரு வந்துட்டாரோ?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"சாவி உன்கிட்டல்ல இருக்கு."

ஓடினேன். பதினெட்டின் பூட்டு போட்டபடி இருந்தது. திறந்தேன். வாசற்படியில் நின்று கூடத்தைப் பார்த்தேன். நான் ஒட்டின தரை. டைல்ஸ் மேல் படிந்திருந்த தூசியில் ஒரு கால் தடம் இல்லை. இடுக்குகளில் வைத்த பிளாஸ்டிக் துண்டுகளில் ஒன்று கூட நகரவில்லை. பின்கதவில் தாழ் போட்டபடியே இருந்தது தெரிந்தது. நகர்த்தி வைத்த தையல் மெஷின் உள்ளறையில் துணி போர்த்தி நின்றது.

இரண்டு பன்னிரண்டு.

அங்கேயும் கேட்டது.

டொக் டொக்... டொக்.

இந்த முறை எனக்கு நேரே.

நான் பூட்டினேனா என்று நினைவில்லை. திரும்பி வந்தபோது அக்கா செருப்பில்லாமல் தெருவில் நின்றுகொண்டிருந்தார். வாய் என்னவோ முணுமுணுத்தது. உள்ளே மனைவி அசையவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தாள். அவளுக்குப் பயமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பயமே இல்லை.

"அப்போ இத்தனை நாளா என்கூட இருந்தது யாருங்க?" என்றாள்.

பிறகு அழுதாள். ஒன்பது மாதத்தில் முதல் முறை. நான் அவளைப் பிடித்துக்கொள்ளவில்லை. அந்தச் சுவரை நெருங்க எனக்குக் கால் வரவில்லை.

சாயந்திரம் ஐந்தரைக்குக் கண்டக்டர் அண்ணன் வந்தார். கதையைக் கேட்டார். டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். வீட்டின் முகப்பை வெளியிலிருந்து அளந்தோம். முப்பத்தேழு அடி. எங்கள் கூடம் பதினாறரை. அவர்கள் கூடம் பதினாறரை. இரண்டு ஓரத்துச் சுவரும் சேர்த்து ஒன்றரை அடி. நடுச்சுவர் முக்கால் அடி. மீதி என்ன? எனக்கு முன்னால் அவர் கணக்குப் போட்டுவிட்டார், டிக்கெட் கிழிக்கிற ஆள்.

"ஒண்ணேமுக்கா அடி" என்றார்.

நடுவில் இருப்பது ஒரு சுவர் அல்ல. இரண்டு மெல்லிய சுவர். அவற்றுக்கு இடையில் ஒன்றேமுக்கால் அடி. முன்னும் பின்னும் அடைத்து, மேலே கூரை போட்டது. ஒரு ஆள் கை வீச முடியாது. ஆனால் நிற்கலாம். பக்கவாட்டில் நடக்கலாம்.

"இடிச்சுப் பாத்துடலாம்ணே."

"கூரை ஒண்ணு தம்பி. அதுல கை வெச்சா ரெண்டு வீடும் இறங்கிடும். நான் சம்மதிக்க மாட்டேன்."

பாதி வீட்டின் லட்சணம் இதுதான். உங்கள் சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட அடுத்தவன் சம்மதம் வேண்டும்.

நான் சம்மதம் கேட்கவில்லை. மறுநாள் காலை பதினொன்று இருபது. வெயில் நன்றாக அடித்தது. தட்டுகிற நேரமும் இல்லை. அலமாரிக்குப் போட்ட பழைய ஓட்டையை என் கை நுழைகிற அளவுக்குப் பெரிதாக்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். எதிரே ஒரு சுவர் தெரிந்தது. வேறு ஒன்றுமில்லை. எலும்பு இல்லை, துணி இல்லை, ஒரு எலிப் புழுக்கை இல்லை. சுத்தமாக இருந்தது.

கையை விட்டுச் சுவரின் உள்முகத்தைத் தடவினேன்.

வழவழவென்று இருந்தது.

இது கொத்து வேலை தெரிந்தவனுக்குத்தான் புரியும், இருந்தாலும் சொல்கிறேன். மூடிவிடப் போகிற இடைவெளியின் உள்பக்கத்தை யாரும் பூசமாட்டார்கள். செங்கல் செங்கலாகவே கிடக்கும். இங்கே பூசியிருந்தது. நல்ல கை. மட்டம் பிடித்து, தேய்த்து, பளிங்கு மாதிரி முடித்திருந்தது. அப்படிப் பூச வேண்டுமானால் உள்ளே நின்றுதான் பூச வேண்டும்.

எல்லாப் பக்கமும் மூடியிருக்கிறது.

பூசினவன் எந்த வழியாக வெளியே வந்தான்?

கையை எடுக்கப் போனேன்.

என் உள்ளங்கையில்...

மெதுவாக...

இரண்டு தட்டு.

கொஞ்சம் விட்டு... ஒன்று.

கையை இழுத்துக்கொண்டேன். கத்தினேனா என்று தெரியவில்லை. குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன். கழுவினேன், கழுவினேன், சோப்புக் கரைந்து சின்னதாகிவிட்டது. கையில் உணர்ச்சியே இல்லை. பிறகு உள்ளே திரும்பினேன்.

மனைவி அந்த ஓட்டையில் வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரகசியம் பேசுகிற மாதிரி. திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை. பக்கத்தில் போனபோதுதான் காதில் விழுந்தது.

ஒரு பெயர்.

குழந்தைக்கு வைப்பதாக இருந்த பெயர். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு நாங்களே அதை வாயால் சொன்னதில்லை.

"உள்ள இருக்குறவங்க தனியா இருக்காங்களாம்" என்றாள். "எம்புள்ளையும் தனியாத்தான் இருக்கும். அதான் பேரைச் சொன்னேன்."

அவளை இழுத்து நிறுத்தினேன். வரமாட்டேன் என்றாள். டைல்ஸ் ஒட்டுகிற கலவையைக் குழைத்து அவள் கண்ணெதிரில் ஓட்டையை அடைத்தேன். அவள் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்று ஐம்பதுக்குள் வீட்டைப் பூட்டிவிட்டோம். துணி மூட்டை, அடுப்பு, என் கருவிப் பை. அலமாரி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டே அறை, ஆனால் நாலு பக்கமும் சந்து. எந்தச் சுவரிலும் அடுத்தவனுக்குப் பங்கு இல்லை. முதல் மாதம் மதியத்தில் அவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள். பதில் வரவில்லை. விட்டுவிட்டாள். ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். பேசுகிறாள், சிரிக்கிறாள், உப்புக் குறைந்தது என்றால் சண்டைக்கு வருகிறாள். எனக்கு என் மனைவி திரும்பக் கிடைத்துவிட்டாள். அந்தப் பாதி வீடு விற்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார்கள், அக்கா பொய் சொல்லமாட்டார்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தார். மனைவி அடுக்களையில் இருந்தாள்.

"நாங்களும் கிளம்பறோம் தம்பி. வித்தாலும் சரி, விக்காட்டியும் சரி."

"இன்னும் தட்டுதாக்கா?"



"அது தட்டினா பொறுத்துக்குவேன். பழகிருச்சு. இப்போ ரெண்டு பேரு."

"ரெண்டு பேரா?"

"நீங்க போனப்புறம்தான். முதல்ல தரையோட தரையா, ஏதோ உரசுற மாதிரி கேட்டுச்சு. எலின்னு நினைச்சேன். போன வருஷம் முழங்கால் உயரத்துல வந்துச்சு. இப்போ என் மெஷின் மேஜை உயரம். ரெண்டு தட்டத் தெரியுது... மூணாவது இன்னும் சரியா வரலை." அக்காவின் குரல் உடைந்தது. "சின்னக் கை தம்பி. வளருது."

போனை வைத்தேன். நான் கணக்குப் போடக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் பழக்கம். இருந்திருந்தால் இப்போது இரண்டே முக்கால் வயது. என் இடுப்பு உயரம் வந்திருக்கும்.

"யாரு போன்ல?" மனைவி கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

"பக்கத்து அக்கா."

"என்னவாம்?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "டைல்ஸ் ஒண்ணு பேந்துருச்சாம். ஒட்டித் தரணுமாம்."

அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், என் கருவிப் பையை எடுத்து வந்து வாசலில் வைத்தாள். கொடியிலிருந்து நல்ல புடவையை உருவினாள்.

"நாளைக்கு நானும் வரேன்" என்றாள். "ரெண்டு மணிக்குள்ள போயிடணும்."